“இந்த வார்த்தைக்குத் தமிழ்ல என்னக்கா?” – ஞாயிறு வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் பல வருடம் இருந்தேன். வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, மெயில் எழுதுவதும் அவர்கள் எழுதியதைப் புரிந்துகொள்வதும்தான் அந்த வேலையில் பாதி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மொட்டை மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். செக்கிங், பேக்கிங்கிலிருந்து ஆபீஸ் வேலைக்கு மாறியவர்களும், கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகளும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. கொஞ்சம் சத்தமாக வாசித்தால் சட்டென்று பிடிபடும்.

அக்கா, ஒரு வார்த்தைக்குத் தமிழ்ல அர்த்தம் தெரிஞ்சா போதாதா?

போதாது. இது புரிய ஆங்கிலத்துக்குப் போகவே வேண்டாம், நம் தமிழையே பாருங்கள். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. 'வெயில் பெய்தது' என்று ஒரு குழந்தை சொன்னால் உடனே திருத்துவோம். சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், தோசை சுடுகிறோம், ரசம் வைக்கிறோம். எல்லாமே சமையல்தான். ஆனால் 'ரசம் சுட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. இதற்கு நாம் எந்த விதியும் படிக்கவில்லை, கேட்டுக் கேட்டே வந்தது.

ஆங்கிலமும் அப்படித்தான். 'மிஸ்டேக்' என்றால் தவறு என்று தெரிந்தால் அந்த வார்த்தையில் பாதிதான் தெரியும். அதோடு எந்த வினை சேரும் என்பது மீதிப் பாதி. 'ஐ மேட் எ மிஸ்டேக்' சரி, 'ஐ டிட் எ மிஸ்டேக்' சரியில்லை. வீட்டுப்பாடத்துக்கோ 'டூ'தான் வரும், 'மேக்' வராது. பலத்த மழை என்றால் 'ஹெவி ரெயின்'. கடுப்பான டீ என்றால் 'ஸ்ட்ராங் டீ'. 'ஹெவி டீ' கிடையாது. ஒரு வார்த்தையை எழுதி வைக்கும்போது அதோடு கூட வரும் வார்த்தையையும் சேர்த்து எழுதுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுதான் அடிப்படை.

ஒரே வார்த்தைக்கு எதுக்கு இத்தனை அர்த்தம்? நான் எதை எடுத்துக்கறது?

'ஃபாஸ்ட்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். வேகம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் ஊர் சோதனை லேப்களில் தினமும் 'கலர் ஃபாஸ்ட்னெஸ்' பார்க்கிறார்களே, அது சாயத்தின் வேகமா? இல்லை. சாயம் துணியை விட்டுப் போகாமல் இறுகப் பிடித்திருக்கிறதா என்பதுதான் அந்தச் சோதனை. உண்மையில் 'ஃபாஸ்ட்' என்பதன் பழைய அர்த்தமே இறுக்கம், உறுதி. வேகம் என்ற அர்த்தம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பட்டன் போடுவதை 'ஃபாசன்' என்பது அந்தப் பழைய அர்த்தத்தில்தான். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அசையாத தூக்கம். விரதத்துக்கு 'ஃபாஸ்ட்' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததே, தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. ராத்திரி முழுக்க இருந்த அந்த விரதத்தை முறிப்பதால் காலைச் சாப்பாடு 'பிரேக்ஃபாஸ்ட்'.

எந்த அர்த்தத்தை எடுப்பது என்றால், பக்கத்து வார்த்தையைப் பாருங்கள். 'ரன்' என்ற வினைக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியில் 600க்கும் மேல் அர்த்தங்கள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். 'த மெஷின் இஸ் ரன்னிங்' என்றால் மெஷின் ஓடுகிறது. 'ஷி ரன்ஸ் எ யூனிட்' என்றால் ஒரு யூனிட் நடத்துகிறார். 'த கலர் ரன்ஸ்' என்றால் சாயம் போகிறது. 'வி ரேன் அவுட் ஆஃப் த்ரெட்' என்றால் நூல் தீர்ந்துவிட்டது. நாமும் மெஷின் ஓடுது, படம் ஓடுது, பொழப்பு ஓடுது என்கிறோம். எது எந்த ஓட்டம் என்று நமக்குக் குழப்பம் வருவதே இல்லை, ஏனென்றால் பக்கத்து வார்த்தை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எந்த டிக்‌ஷனரி வாங்கலாம்? போன்ல பார்த்தா போதாதா?

போன் மொழிபெயர்ப்பு ஒரு மெயில் எதைப் பற்றியது என்று சட்டென்று தெரிந்துகொள்ள உதவும். கற்றுக்கொள்ள உதவாது. அது ஒரு தமிழ் வார்த்தையைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கூட வரும் வார்த்தையைச் சொல்லாது.

வாங்குவதானால் 'லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' என்று போட்டதை வாங்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் நல்லவை; மூன்றையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இந்த வகை அகராதி நம்மைப் போன்றவர்களுக்காகவே உருவானது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். அர்த்தம் தெரிந்தும் தன் மாணவர்களால் வாக்கியம் அமைக்க முடியவில்லை என்பதைப் பார்த்து, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதியை இன்னும் இருவரோடு சேர்ந்து தயாரித்தார். 1942இல் டோக்கியோவில் அது வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழி வந்ததுதான்.

தமிழ் அர்த்தம் வேண்டுமென்றால், சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இருக்கிறது. அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் செய்த பெரிய உழைப்பு அது. அதிலுள்ள தமிழ் கொஞ்சம் பழையதாகத் தெரியலாம். தமிழ் வார்த்தையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக 1992இல் வந்த க்ரியா அகராதி எனக்குப் பிடித்தது, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருக்கும்.

டிக்‌ஷனரில சில வார்த்தைக்குப் பக்கத்துல 'சி', 'யூ'ன்னு போட்டிருக்கே, அது என்ன?

'சி' என்றால் எண்ண முடிந்தது, 'யூ' என்றால் எண்ண முடியாதது. 'யூ' போட்ட வார்த்தைக்குப் பின்னால் 'ஸ்' சேர்க்கக் கூடாது. தகவல்கள், அறிவுரைகள், சாமான்கள் என்று நாம் பன்மையில் சொல்வதால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்', 'லக்கேஜஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று கை தானாக எழுதிவிடும். ஆங்கிலத்தில் இவை எல்லாம் தண்ணீர் மாதிரி. எண்ண வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்', 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்' என்று 'பீஸ்' போட்டு எண்ணலாம். இந்த ஒரு எழுத்தைப் பார்க்கப் பழகினாலே மெயிலில் பாதித் தவறு குறையும்.

மொத்தம் எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும்?

மனப்பாடத்தை விடுங்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் முதலில் 2000. மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் ஆசிரியர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் வார்த்தைகளைத் தேர்ந்து, சுமார் 2000 வார்த்தைகள் கொண்ட பட்டியலை 1953இல் வெளியிட்டார். லாங்மேன் லேர்னர்ஸ் அகராதியும் சுமார் 2000 எளிய வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லா வார்த்தைகளையும் விளக்குகிறது. அந்த 2000ஐ எல்லா அர்த்தத்திலும் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை மறந்துபோனாலும் சுற்றி வளைத்துச் சொல்லிவிட முடியும். பதினைந்தாயிரம் வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் தெரிந்தவரால் அது முடிவதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

'துணி'ன்னா க்ளாத்தா, க்ளோத்ஸா, ட்ரெஸ்ஸா?

துணி ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! நமக்குத் துணி எடுப்பதும் துணி துவைப்பதும் துணி வெட்டுவதும் ஒரே துணிதான். ஆங்கிலத்தில் பிரிந்துவிடும். தைப்பதற்கு முன் இருப்பது 'க்ளாத்'. நம் தொழிலில் அதை 'ஃபேப்ரிக்' என்போம். தைத்து உடுத்துவது 'க்ளோத்ஸ்', எப்போதும் பன்மை. 'ஐ வாஷ்ட் மை க்ளோத்ஸ்'தான் சரி. 'க்ளாத்' என்றால் துடைக்கிற துணியைத் துவைத்ததாகத்தான் நினைப்பார்கள். ஏற்றுமதி ஆகும் ஒரு உருப்படிக்கு 'கார்மென்ட்'.

'ட்ரெஸ்' என்று தனியாக ஓர் உடையைச் சொன்னால் அங்கே பெண்கள் அணியும், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த உடை. 'தீபாவளிக்குத் தம்பிக்கு ஒரு நியூ ட்ரெஸ்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால் பையனுக்குப் பாவாடைச் சட்டையா என்று திகைப்பார். 'நியூ க்ளோத்ஸ்' என்று சொல்லிவிடுங்கள்.

'வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பறோம்'னா டில் போடணுமா, பை போடணுமா?

'பை ஃப்ரைடே'. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையருக்கு 'வி வில் செண்ட் த சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் சாம்பிள் போய்விடும் என்று சொல்வதாக நினைத்தேன். அங்கே படித்தவருக்கு, 'வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருப்போம், அதற்கப்புறம் நிறுத்திவிடுவோம்' என்று கேட்டிருக்கிறது. 'வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்ன பிரச்சினை?' என்று பதில் வந்தது. அதைத் தெளிவாக்கவே இரண்டு நாள் போனது. அன்று நான் பட்ட கலக்கம் இன்னொரு பெண்ணுக்கு வரக் கூடாது என்பதால் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

தமிழே இதற்கு நல்ல அளவுகோல். '-க்குள்' வந்தால் 'பை'. 'வரை' வந்தால் 'டில்'. ஐந்து மணிக்குள் வருவேன், 'பை ஃபைவ்'. ஐந்து மணி வரை இருப்பேன், 'டில் ஃபைவ்'. நாளோ மணியோ கணக்காக இருந்தால், அதாவது இரண்டு நாளுக்குள் என்றால், 'விதின் டூ டேஸ்'. ஒரே ஒரு வளைவு உண்டு: 'நாட்' சேர்ந்தால் 'டில்' வேறு மாதிரி பேசும். 'த குட்ஸ் வோன்ட் பி ரெடி டில் ஃப்ரைடே' என்றால் சரக்கு வெள்ளிக்கிழமைதான் ரெடியாகும், அதற்கு முன்னால் ஆகாது.

அதே மாதிரி சின்ஸுக்கும் ஃபாருக்கும் ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. '-லிருந்து' வந்தால் 'சின்ஸ்', 'வருஷமா', 'மாசமா' என்று வந்தால் 'ஃபார்'. 2022லிருந்து, 'சின்ஸ் 2022'. மூன்று வருஷமா, 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. வினையை மறக்க வேண்டாம். 'மூன்று வருஷமா வேலை பார்க்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம் வருவதால் 'ஐ ஆம் வொர்க்கிங்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வரவேண்டும்.

'சொன்னார்'க்கு சே, டெல் ரெண்டும் இருக்கே, எது எப்ப?

யாரிடம் என்று உடனே சொன்னால் 'டெல்': 'ஹி டோல்ட் மீ'. என்ன என்பது மட்டும் முக்கியமென்றால் 'சே': 'ஹி செட் த ரேட் வாஸ் ஹை'. 'ஹி செட் மீ' கிடையாது, 'ஹி டோல்ட் டு மீ'யும் கிடையாது. தமிழில் 'என்கிட்ட' என்பதில் ஒரு வேற்றுமை உருபு இருப்பதால் அந்த 'டு' தானாக வந்துவிடுகிறது.

நம் ஒரே வார்த்தை அங்கே இரண்டாகப் பிரியும் இன்னொரு இடம் கடன். வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. 'கேன் யூ பாரோ மீ எ பென்' என்று கேட்டால் தப்பு. 'பார்' என்பதும் மூன்றாகும். தானாகக் கண்ணில் பட்டால் 'சீ', திரும்பிப் பார்த்தால் 'லுக் அட்', நகர்வதை நின்று பார்த்தால் 'வாட்ச்'.

'டிஸ்கஸ் அபௌட்' தப்புன்னு சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தானே எழுதறோம்?

தப்புதான். 'விலை பற்றிப் பேசினோம்' என்ற 'பற்றி'தான் அங்கே 'அபௌட்' ஆகிறது. ஆனால் 'டிஸ்கஸ்' என்ற வார்த்தைக்குள்ளேயே 'பற்றிப் பேசுதல்' இருக்கிறது. 'வி டிஸ்கஸ்ட் த ப்ரைஸ்', அவ்வளவுதான். 'டாக்' என்று போட்டால் 'அபௌட்' வேண்டும். இதே போல 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்ளை பேக்' இரண்டிலும் 'பேக்' தேவையில்லை. 'ரீச்'சுக்குப் பிறகு 'டு' தேவையில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'லிசன்' என்றால் 'டு' கட்டாயம், 'வெயிட்' செய்வது ஒன்றுக்காக என்றால் 'ஃபார்' கட்டாயம். எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. ரசம் ஏன் 'வைக்கிறோம்' என்று கேட்கிற மாதிரிதான்.

மீட்டிங்ல 'ஐ ஹேவ் எ டவுட்'னு சொன்னேன், பையர் முகம் மாறிடுச்சு. ஏன்க்கா?

நமக்குச் சந்தேகம் என்றால் இரண்டு: தெரியாததைக் கேட்பது, நம்பாமல் இருப்பது. வகுப்பில் கை தூக்கி 'சார், டவுட்' என்பது முதல் வகை. ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் இரண்டாவது வகை. 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் மெஷர்மென்ட்' என்றால் 'நீங்கள் கொடுத்த அளவை நான் நம்பவில்லை' என்று கேட்கும். 'ஐ ஹேவ் எ கொஸ்சன்' என்றோ 'குட் யூ க்ளாரிஃபை' என்றோ சொன்னால் அந்த முகமாற்றம் வராது. வயதில் மூத்தவர்கள்கூட வருடக்கணக்கில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திருத்துவதில்லை, அதனால் தெரிவதில்லை.

'ஃப்யூ'வுக்கும் 'எ ஃப்யூ'வுக்கும் ஒரு எழுத்துதானே வித்தியாசம்?

ஒரு எழுத்துதான், ஆனால் மனநிலையே மாறிவிடும். 'எ ஃப்யூ பீசஸ் பாஸ்ட்' என்றால் சில பீஸ் தேறின. 'ஃப்யூ பீசஸ் பாஸ்ட்' என்றால் சில பீஸ்தான் தேறின, அதாவது கிட்டத்தட்ட எல்லாம் போச்சு. நம்முடைய 'தான்' அங்கே 'எ' இல்லாததில் இருக்கிறது. 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டும் இதேபோல், ஆனால் எண்ண முடியாததற்கு. மேலே சொன்ன 'யூ' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு 'ஹார்ட்லி'யையும் பார்த்துவிடலாம். 'ஹார்ட்' என்றால் கடினமாக, அப்படியானால் 'ஹார்ட்லி'யும் அதுதானே என்று நினைப்பது இயல்பு. 'ஷி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை. பயோடேட்டாவில் இதை மாற்றி எழுதியவர்களைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

மெயில் கடைசில 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங்'னு ஏன் வருது? 'டு'வுக்கு அப்புறம் 'ஹியர்'தானே வரணும்?

பள்ளியில் தொழிற்பெயர் படித்தது நினைவிருக்கிறதா? கேள் என்பது வினை, கேட்டல் என்பது தொழிற்பெயர், அது பெயர்ச்சொல் மாதிரி நடக்கும். 'ஹியரிங்' அங்கே தொழிற்பெயர். 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்பதில் பதில் இருக்கும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

'டு'வில் இரண்டு வகை இருப்பதால்தான் குழப்பம். சோதிக்க எளிய வழி: 'டு'வுக்குப் பிறகு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' நன்றாக உட்காருகிறது. அப்படியானால் வினையும் தொழிற்பெயராகத்தான் வரும். 'ஐ வாண்ட் டு யுவர் ரிப்ளை' உட்காரவில்லை, அங்கே 'டு ஹியர்' சரி. 'யூஸ்ட் டு' என்பதும் பழகிவிட்டது என்ற அர்த்தத்தில் முதல் வகை: 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்'. 'ஆம்' போய்விட்டால் அது முன்பு செய்தேன், இப்போது இல்லை என்று ஆகிவிடும்: 'ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்'.

ஒரு பையர் 'வெஸ்ட்'னு கேட்டாரு, பனியன் சாம்பிள் அனுப்பினோம், திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க தப்பு?

அமெரிக்க பையராக இருந்திருப்பார். பிரிட்டனில் 'வெஸ்ட்' என்றால் நம் பனியன், உள்ளே போடுவது. அமெரிக்காவில் 'வெஸ்ட்' என்றால் சட்டைக்கு மேலே போடும் கையில்லாத கோட்டு. பனியனுக்கு அங்கே 'அண்டர்ஷர்ட்'. 'பேண்ட்ஸ்' இதைவிட ஆபத்து. அமெரிக்கருக்கு அது முழுக்கால் சட்டை, பிரிட்டிஷாருக்கு ஜட்டி. 'ஜம்பர்' பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் கையில்லாத ஒரு கவுன். 'சஸ்பெண்டர்ஸ்' அமெரிக்காவில் பேண்டைத் தோளில் மாட்டும் பட்டை, பிரிட்டனில் பெண்களின் காலுறையைப் பிடிக்கும் பட்டை.

யாரும் தவறு செய்யவில்லை. இரண்டு நாடும் ஒரே வார்த்தையை வேறு பொருளுக்கு வைத்திருக்கின்றன. அதனால் எந்த நாட்டு பையர் என்று முதலில் பாருங்கள், அப்புறம் ஒரு படத்தையோ ஸ்கெட்சையோ வைத்து உறுதிப்படுத்துங்கள். தேதியிலும் இதே வம்பு உண்டு. 04/07 என்றால் லண்டனில் ஜூலை 4, நியூயார்க்கில் ஏப்ரல் 7. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள்.

நாம் தினமும் சொல்லும் 'பனியன்' என்ற வார்த்தைக்கும் ஒரு பயணம் இருக்கிறது. குஜராத்தி வணிகரைக் குறித்த சொல் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஒரு தளர்வான அங்கிக்குப் பெயராகி, கடைசியில் நம்மிடம் உள்ளாடையாகத் திரும்பி வந்தது.

ப்ரிப்போன், அவுட் ஆஃப் ஸ்டேஷன், இதெல்லாம் தப்பான இங்கிலீஷா?

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 'ப்ரிப்போன்', அதாவது குறித்த தேதியை முன்னால் கொண்டுவருவது, இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. தேவையான, அழகான வார்த்தை. வெளியூர் போயிருப்பதைச் சொல்லும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்து வழக்கு. அதிகாரி பணியில் இருந்த ஊருக்கு 'ஸ்டேஷன்' என்று பெயர். லாரி ஓட்டுநர் சொல்லும் 'ஸ்டெப்னி', வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய ஒரு மாற்றுச் சக்கரக் கம்பெனியின் பெயர். அங்கே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள், இங்கே வாழ்கிறது. நம் கட்டுமரமும் அப்படித்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. இப்போது அங்கே அது இரட்டை உடல் கொண்ட படகு.

கேட்கிறவருக்குப் புரியுமா என்பதுதான் கேள்வி. நம் நாட்டுக்குள் தாராளமாக எழுதுங்கள். வெளிநாட்டுக்கு 'ப்ரிப்போன்' வேண்டாம், 'ப்ரிங் ஃபார்வர்ட்' போடுங்கள். 'ப்ளீஸ் ரிவர்ட்' வேண்டாம், 'ப்ளீஸ் ரிப்ளை' போடுங்கள். பலருக்கு 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. 'ஹோம்லி' என்பதில் கூடுதல் கவனம் தேவை. கல்யாண விளம்பரத்தில் குடும்பப்பாங்கான பெண் என்ற பாராட்டு. அமெரிக்கருக்கு, பார்க்க நன்றாக இல்லாத பெண்.

'டிட்ன்ட் யூ ரிசீவ் த சாம்பிள்?'னு கேட்டா, வரலைன்னா யெஸ்ஸா நோவா?

'நோ'. இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, எனக்கும் பழக நாளானது. 'சாம்பிள் வரலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமாங்க, வரலை' என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று அவரை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் 'யெஸ்'ஸும் 'நோ'வும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கும். வந்தால் 'யெஸ்', வராவிட்டால் 'நோ', கேள்வி எப்படி இருந்தாலும். நீங்கள் 'யெஸ்' என்று மட்டும் பதில் போட்டால் சாம்பிள் கிடைத்துவிட்டது என்று அவர் ஃபைலை மூடிவிடுவார்.

ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லவே வேண்டாம். 'நோ, வி ஹேவ் நாட் ரிசீவ்ட் இட்' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். முதல் வார்த்தை தவறினாலும் மிச்சம் காப்பாற்றும்.

டிக்‌ஷனரில ஒரே அர்த்தம் போட்டிருந்தா ரெண்டுல எதை வேணா போடலாமா?

கூடாது. 'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' இரண்டும் பலருக்குத் தெரிந்த என்றுதான் பொருள். முதலாவது நல்ல பெயர், இரண்டாவது கெட்ட பெயர். 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டும் ஒல்லி. ஒன்று பாராட்டு, மற்றது எலும்பும் தோலும். 'சீப்' என்றால் விலையும் மலிவு, தரமும் மலிவு என்று தொனிக்கும். அதனால் நம் விலையைச் சொல்லும்போது 'ரீசனபிள்' என்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமூகம் ஒதுக்கிவைத்தவர் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் 'பரையா' என்ற வார்த்தையை இன்றும் சாதாரணமாக எழுதுகின்றன, அகராதியிலும் இருக்கிறது. அது நம் ஊரின் ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து போனது. அந்த மக்கள் மேல் சுமத்திய இழிவை அப்படியே ஒரு சொல்லின் அர்த்தமாக ஆக்கிவிட்டார்கள். படித்தால் புரிந்துகொள்ளுங்கள். எழுதாதீர்கள். 'தே அவாய்டட் ஹிம்' என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

படிக்கறப்ப புரியுது, எழுதும்போது அந்த வார்த்தை வரவே மாட்டேங்குது. என்ன பண்ண?

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. அதை எந்த வாக்கியத்தில் பார்த்தீர்களோ அந்த வாக்கியத்தை முழுதாக மேலே எழுதுங்கள். தமிழ் அர்த்தம் ஓரத்தில் இருந்தால் போதும். அதற்குக் கீழே உங்கள் அன்றைய நாளை வைத்து மூன்று வாக்கியம்: வேலையில் நடந்தது ஒன்று, வீட்டில் நடந்தது ஒன்று, நாளைக்குச் செய்யப்போவது ஒன்று. வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். நடக்காததை எழுதினால் மறந்துபோகும்.

போன வாரம் பேக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண் 'பை'க்கு எழுதி வந்தது: 'மை டாட்டர் வில் கம் ஹோம் பை ஃபைவ். ஐ வில் பி அட் வொர்க் டில் எய்ட்.' அவளுக்கு இனி அந்த இரண்டும் மாறாது.